சின்னமும் மானமும்

அமெரிக்காவின் வாஷிங்டன் கால்பந்து சங்கம் 1933-ல் சூட்டப்பெற்ற 'ரெட்ஸ்கின்ஸ்', அதாவது 'செந்தோலர்', என்ற பெயரையே நெடுங்காலம் வைத்துக்கொண்டிருந்தது. பூர்வகுடி மனிதரொருவரின் தலை அதன் சின்னமாயிருந்தது. இது தங்களுக்கு அவமதிப்பென்று அந்த ஜனங்களில் பலர் பல்லாண்டுகள் முறையிட்டும் பலனில்லை. பெயரை ஒருபோதும் மாற்றப்போவதில்லையென்று 2013-ல் சங்கத்தின் உரிமையாளர் ஸ்ரீ டான் ஸ்னைடர் கூறிவிட்டார்.

2017 டிசம்பரில் பூர்வகுடித் தொண்டர்கள் சிலர் கம்ப்யூட்டர் உதவியால் அச்சின்னத்தை மாற்றியமைத்தனர். மனிதத் தலைக்குப் பதில் பருந்தை வைத்து, சங்கத்தின் பெயர் 'ரெட்ஹாக்ஸ்' என மாறிவிட்டதாகப் பிரபல பத்திரிகைகளின் தோற்றத்திலேயே செய்தி பரப்பினர். சங்கத்தார் விரைந்து மறுப்பு வெளியிட்டனர்.

பத்திரிகைகளின் பெயரால் பொய்ச்செய்தி பரப்புவதை நாம் ஆதரிப்பதற்கில்லை. ஆயினும், அசாத்தியமென்று சொல்லப்பட்ட மாறுதல் எவ்வளவு சுலபமானது என்பதை அந்தத் திருத்திய சின்னம் உலகத்தார் கண்முன் நிறுத்திவிட்டது. குறைவாயிருந்தது சாதனமன்று, மனமே. அந்த மனமும் விளம்பரப் பணம் கொடுத்த பெரிய கம்பெனிகள் வற்புறுத்திய பின்னரே வந்தது. 2020-ல் பழைய பெயரும் சின்னமும் நீங்கின. 2022-ல் 'கமாண்டர்ஸ்' என்ற பெயர் ஏற்பட்டது.

பூர்வகுடிகளிலும் பழைய சின்னத்தைப் பெருமையாகக் கருதியோர் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஜனசமூகத்தின் உருவத்தைக் கொண்டு பிறர் வியாபாரம் நடத்துவதானால், அச்சமூகத்தின் சம்மதமே முதலில் வேண்டும். அதை மறுப்போர் தாமாகவே திருந்துவரென எதிர்பார்த்திருப்பது வீண். இடைவிடாத கிளர்ச்சியே மானத்தைக் காக்கும் வழியென்பது நமது திடமான அபிப்பிராயம்.