ஒரு டப்பா கறியால் நற்பெயர் வாங்க முடியுமா?

நாகர்கோவிலில் ஏதோ ஒரு ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் ஒன்றரை மணி. டிபன் பாக்ஸ்கள் திறக்கின்றன. ஒருவரிடம் புளிசேரி, இன்னொருவரிடம் தீயல், மூன்றாமவரிடம் மீன்கறி. நாலாவது ஆள் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை மேஜையின் நடுவே நகர்த்துகிறார்.

"அண்ணே, இது என்ன கறி?"

"மொதல்ல தின்னு பாரு மக்கா, பொறவு சொல்லுதேன்."

இந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் அமெரிக்காவில் இது கற்பனை இல்லை. அங்கே வேட்டைக்காரர்கள் மத்தியில் இப்படி ஒரு யோசனை உண்டு. வேட்டையாடாதவர்கள் நம்மைக் கொடூரமானவர்கள் என்று நினைக்கிறார்களா? அவர்களோடு சண்டை போடாதே. மான்கறி சமைத்து ஆபீசுக்குக் கொண்டு போ, கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடு. ருசித்தவன் திட்டமாட்டான். யோசனையின் சாரம் இவ்வளவுதான்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பாடு போட்டவனை வெறுப்பது கஷ்டம் என்பது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் இதே யோசனை ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி நாஞ்சில் நாட்டுக்குள் வந்தால் என்ன ஆகும்? அதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

முதலில் அமெரிக்கக் கணக்கு. அங்கே ஆபீசுக்கு வரும் அந்த மான்கறிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டில் காட்டு இறைச்சி கடைச்சரக்காக இருந்தது. சந்தையில் விற்பதற்காகவே சுட்டார்கள். கோடிக்கணக்கில் பறந்து திரிந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் செத்தது. அதற்கு முன்பே, 1900-இல், லேசி சட்டம் வந்துவிட்டது. சட்டவிரோதமாக அடித்த விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்பது குற்றமானது. 1937-இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. துப்பாக்கி, தோட்டா மீது வாங்கும் வரியை மாநிலங்களின் வனவிலங்குப் பராமரிப்புக்கே திருப்பிவிட்டார்கள். வேட்டைக்காரன் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எந்தப் பருவத்தில் எத்தனை மான் என்பதற்கு வரம்பு உண்டு.

ஆக, அங்கே டப்பாவில் வருவது வெறும் கறி இல்லை. கணக்கு முடிந்த கறி. அனுமதி, வரி, வரம்பு எல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சிய பங்கு. அதனால்தான் அதைத் தைரியமாக மேஜையில் வைக்க முடிகிறது. பென்சில்வேனியாவில் 1991 முதல் வேட்டைக்காரர்கள் மான்கறியை ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்குக் கொடுக்கும் திட்டமே நடக்கிறது. அங்கேயும் சிக்கல் இல்லாமல் இல்லை. 2008-இல் வடக்கு டகோட்டா மாநிலத்தில், அப்படி வந்த கறியில் ஈயத் துணுக்குகள் இருக்கின்றன என்று சொல்லி, உணவு வங்கிகளிடம் அதைக் கொடுக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. நல்ல மனதோடு கொடுப்பது வேறு, நல்ல பொருளைக் கொடுப்பது வேறு.

சரி, இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

1972-இல் வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைக் குற்றமாக்கியது. காட்டுப்பன்றியும் மிளாவும் அதன் பாதுகாப்புக்குள்தான் வருகின்றன. அது மட்டுமில்லை. அப்படி அடிக்கப்பட்ட விலங்கும் அதன் இறைச்சியும் அரசின் சொத்து. அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே தப்பு. அதாவது அந்த எவர்சில்வர் டப்பாவை நகர்த்திய அண்ணன் மட்டும் மாட்டமாட்டார். "சூப்பரா இருக்குண்ணே, இன்னும் ரெண்டு துண்டு" என்று கேட்ட தம்பியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சுலபமாகப் புரியும்படி சொன்னால், அன்பளிப்பு என்ற பெயரில் ஒருவர் தன் கடன் பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்டுகிறார். சொத்துப் பக்கத்தில் ஒரு வாய்க் கறி, பொறுப்புப் பக்கத்தில் ஒரு வனத்துறை வழக்கு. இதனால் வேட்டைக்காரனுக்கு நல்ல பெயர் வருமா? கூட வேலை செய்கிறவன் வீட்டில் என்ன பெயர் வரும் என்று யோசித்துப் பாருங்கள் :-)

ஆனால் கறி கொடுத்து நற்பெயர் வாங்குவது என்பது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததும் இல்லை. நம்மிடம் அது ரொம்பப் பழசு.

புறநானூற்றில் வன்பரணர் பாடிய ஒரு பாட்டு இருக்கிறது, 150-ஆம் பாட்டு. பசியும் களைப்புமாகக் காட்டில் ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பாணனை, வேட்டைக்கு வந்த ஒருவன் பார்க்கிறான். தன் ஆட்கள் வந்து சேர்வதற்குள் தானே தீ மூட்டி, கறியைச் சுட்டு, பாணனுக்கும் அவன் சுற்றத்துக்கும் கொடுக்கிறான். போகும்போது தன் ஆரத்தையும் கடகத்தையும் கழற்றித் தருகிறான். எந்த நாடு என்று கேட்டால் சொல்லவில்லை. பெயரைக் கேட்டாலும் சொல்லவில்லை. அவன் தோட்டி மலைத் தலைவன் நள்ளி என்று வழியில் மற்றவர்கள் சொல்லித்தான் பாணனுக்குத் தெரிகிறது.

கவனியுங்கள், நள்ளி தன் "இமேஜ்" சரியாக வேண்டும் என்று கறி கொடுக்கவில்லை. எதிரே இருந்தவன் பசியோடு இருந்தான், அதனால் கொடுத்தான். பெயரைக்கூடச் சொல்லாமல் போனவனுக்கு 2000 வருடம் கழித்தும் பெயர் நிற்கிறது. பெயருக்காகக் கொடுத்திருந்தால் வன்பரணர் பாடியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

இன்னொரு கதை எல்லோருக்கும் தெரிந்தது, கண்ணப்ப நாயனார் கதை. திண்ணன் என்ற வேடன் காட்டுப்பன்றியைத் துரத்திக்கொண்டு போய்த்தான் காளத்தி மலைக்கு வந்து சேர்கிறான். பன்றிக்கறியைச் சுட்டு, ருசி பார்த்து, நல்ல துண்டாக எடுத்துச் சாமிக்குப் படைக்கிறான். அதே கோயிலில் பூசை செய்கிறவர் சிவகோசரியார். ஒரே இடத்தில் 'டியூட்டி' பார்க்கும் இரண்டு பேர், ஒருவர் வேட்டைக்காரர், இன்னொருவர் கறியையே தொடாதவர். காலையில் வந்து எலும்பையும் கறியையும் பார்த்த சிவகோசரியார் பதறிப் போகிறார், எல்லாவற்றையும் கழுவிச் சுத்தம் செய்கிறார். எத்தனை நாள் கறி வைத்தாலும் அவர் மனம் மாறவில்லை. எப்போது மாறியது? சாமியின் கண்ணில் ரத்தம் வந்தபோது திண்ணன் தன் கண்ணையே தோண்டி அப்பியதை மறைவில் நின்று பார்த்தபோதுதான். கறி செய்யாத வேலையை, அவன் விட்டுக்கொடுத்தது செய்தது.

இந்த இரண்டு கதையிலும் ஒரே விஷயம்தான் இருக்கிறது. வேட்டைக்காரனை உயர்த்தியது அவன் அடித்தது இல்லை, அவன் இழக்கத் தயாராக இருந்தது.

பிற்கால வரலாறும் இதையேதான் சொல்கிறது. நீலகிரியில் 1877-இல் வெள்ளைக்காரர்கள் ஒரு வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். வேட்டையாட விலங்கு மிஞ்ச வேண்டுமே என்ற சுயநலம்தான் ஆரம்பம். அதே சங்கம் பிற்பாடு பெயரையே மாற்றிக்கொண்டு வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாக ஆகிவிட்டது. மூணாறு பக்கம் இரவிகுளத்தை வேட்டைக் காடாக வைத்திருந்த தேயிலைத் தோட்டக்காரர்கள், வரையாடுகளைக் கண்டபடி சுடாமல் காத்தார்கள். அந்த இடம் 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. இன்றைக்கு அங்கே வரையாடு பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அந்தத் தோட்டக்காரர்கள் யாருக்கு விருந்து வைத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. எதைச் சுடாமல் விட்டார்கள் என்பதுதான் நிற்கிறது.

இனி குமரி மாவட்டத்தின் இன்றைய பிரச்சினை. தடிக்காரன்கோணம், கீரிப்பாறை, பேச்சிப்பாறை, கடையாலுமூடு என்று மலையடிவார ஊர்களில் மரச்சீனியும் ஏத்தன் வாழையும் போடுகிறவர்களுக்குக் காட்டுப்பன்றி ஒரு படக்காட்சி இல்லை. ஒரு ராத்திரியில் ஒரு கூட்டம் இறங்கினால் கிழங்கெல்லாம் மேலே, செடியெல்லாம் கீழே. வட்டிக்கு வாங்கிப் பயிர் செய்தவனிடம் போய் "பல்லுயிர்ப் பெருக்கம்" என்று பேசினால் மண்வெட்டியைத் தூக்குவான். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு வெளியே என்றால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நல்ல விஷயம்தான். ஆனால் மலையடிவார விவசாயியின் விளை முதல் 1 கிலோமீட்டருக்குள் அல்லவா இருக்கிறது! அவனுக்கு இந்த அறிவிப்பால் பெரிதாக ஒன்றும் வந்துவிடவில்லை.

பக்கத்துக் கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே சுட உத்தரவிடலாம், உரிமம் உள்ள உள்ளூர்த் துப்பாக்கிக்காரர்கள் சுடலாம். ஆனால் சுட்ட பன்றியைத் தின்னக்கூடாது, புதைக்க வேண்டும். இங்கேதான் பலருக்கும் வயிறு எரிகிறது. "கிலோ கிலோவாகக் கறியை மண்ணில் புதைப்பதா? பசிக்கிறவனுக்குக் கொடுத்தால் என்ன? வேட்டைக்காரனுக்கும் நல்ல பெயர், விவசாயிக்கும் நிம்மதி" என்று கேட்கிறார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்வி. இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனாலும் புதைப்பதே சரி, இப்போதைக்கு. காரணம், கறிக்கு ருசி இருப்பது போல விலையும் இருக்கிறது. விளையில் சுட்ட பன்றியா, காட்டுக்குள் போய்ச் சுட்ட பன்றியா என்று குழம்பில் கிடக்கும் துண்டைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இன்றைக்கு ஓசியாகத் தின்றவன் நாளைக்குக் காசு கொடுத்துக் கேட்பான். கேட்கிறவன் இருந்தால் கொண்டுவர ஆள் வரும். துப்பாக்கி இல்லாதவன் அவுட்டுக்காய் வைப்பான், கரண்டு கம்பி போடுவான். 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி வைத்த காயைக் கடித்து, வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்த கர்ப்பிணி யானையை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த வெடி யானைக்கு வைத்ததில்லை, பன்றிக்கு வைத்தது என்றுதான் விசாரணையில் சொன்னார்கள்.

அமெரிக்காவில் முதலில் சந்தையை மூடினார்கள், பிறகுதான் விருந்து. இங்கே சந்தையை முழுதாக மூடாமல் விருந்தை மட்டும் இறக்குமதி செய்தால், விருந்தே சந்தைக்கு வாசலாகிவிடும்.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. குமரி மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் காணி மக்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பல உரிமைகளைத் தந்தது. வேட்டையாடும் மரபு உரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. ராஜாக்கள் அடித்த புலித்தலை சுவரில் மாட்டினால் "பாரம்பரியம்", காணிக்காரர் முயல் பிடித்தால் "கள்ள வேட்டை". வேட்டைக்காரனின் இமேஜ் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் முதலில் இந்த இமேஜைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். ருசிக்காக வேட்டையாடிய டவுன்காரனால் வந்த கெட்ட பெயரையும் சேர்த்து மலைக்காரர் சுமக்கிறார். வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களாகக் காட்டைச் சுற்றி வருகிறவர்களில் பழங்குடி இளைஞர்கள் நிறைய. அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய நற்பெயருக்கு யாரும் டிபன் பாக்ஸ் திறப்பதில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் "நற்பெயர்" என்று ஒரு பாடம் வரும். அதில் ஒரு விதி. விலை கொடுத்து வாங்கிய நற்பெயரை ஏட்டில் பதியலாம். தானாக உருவான நற்பெயரைப் பதியக்கூடாது, அதற்கு நம்பகமான விலை போட முடியாது. வியாபாரத்துக்கு அது சரி. மனிதர்களுக்கு நேர்மாறு. விலை கொடுத்து வாங்கியது நிற்காது, தானாக வந்ததுதான் நிற்கும். டப்பாக் கறி விலை கொடுத்து வாங்கும் நற்பெயர். தின்று முடித்துக் கை கழுவும்போதே தேய்மானம் ஆரம்பித்துவிடும்.

அப்படியானால் துப்பாக்கி பிடிக்கிறவர் நற்பெயருக்கு என்ன செய்வது? எத்தனை சுட்டோம், எந்த விளையில், எந்த உத்தரவின் பேரில், எங்கே புதைத்தோம் என்பதை ஊர் பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டலாம். மலையடிவார விவசாயிக்கு வேலியும், நாளாகாமல் நஷ்டஈடும் கிடைக்க அவரோடு சேர்ந்து குரல் கொடுக்கலாம். அதையும் மீறி ஆபீசுக்கு ஏதாவது கொண்டு போயே ஆக வேண்டும் என்றால், பன்றி தின்னாமல் தப்பிய விளையிலிருந்து நாலு மூடு மரச்சீனி பிடுங்கி, அவித்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோடு கொண்டு போகலாம். "இது என்ன?" என்று கேட்கிறவனிடம் தின்பதற்கு முன்பே பதில் சொல்ல முடியும்.

பதிலைத் தின்ற பிறகுதான் சொல்ல முடியும் என்றால், அந்த டப்பாவைத் திறக்காமல் இருப்பதே மேல். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?