குடியாத்தம் வழியே கோட்டைக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் ஊர்களில் காமராசரைப் பற்றிப் பேச்செடுத்தால் பள்ளிக்கூடமும் மதிய உணவும் வராமல் போகா. அவை போற்றத்தக்கவையே. ஆனால் அவருடைய சட்டமன்ற வாழ்வில் நாம் போதிய அளவு பேசாத முடிவொன்று உண்டு.

பக்கத்து விருதுநகரில் பிறந்த அவர் 1937இல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். பிறகு அரசியல் நிர்ணய சபை. 1952இல் திருவில்லிபுத்தூரிலிருந்து மக்களவை. 1954 ஏப்ரலில் முதல்வரானபோது அவர் மாநில அவை எதிலும் உறுப்பினர் அல்லர். அவருக்கு முன்பிருந்த இராஜாஜி, 1952இல் ஆளுநரின் நியமனம் பெற்று மேலவை வழியே முதல்வரானவர். அந்த வாசல் காமராசருக்கும் திறந்தேயிருந்தது. அவரோ சொந்த மண்ணுக்கு வெகு தொலைவிலுள்ள குடியாத்தத்தில் இடைத்தேர்தலுக்கு நின்று வென்றார்.

நியமனம் சட்டப்படி தவறன்று. ஆயினும் வாக்குக் கேட்டுப் போகிறவரிடம்தான் மக்கள் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும். அச்சொல்லை 1967இல் விருதுநகரே அவருக்குச் சொன்னது. வித்தியாசம் 1,285 வாக்குகள். அதன் பிறகும் அவர் மக்களிடமே போனார். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவை சென்றார்; 1971இலும் அத்தொகுதியே அவரைத் தேர்ந்தெடுத்தது.

மழைக்கு உத்தரவாதமில்லை என்றறிந்தே விதைக்கும் கரிசல் சம்சாரிக்கு இந்த மனம் அந்நியமன்று. சிலைக்கு மாலையிடும் நாம், பிள்ளைகளுக்குக் குடியாத்தத்தையும் சொல்லிவைப்போம்.