தங்கக் கோட்டையும் சாக்கடைத் தண்ணியும்!



ராஜஸ்தான் என்றாலே நமக்கு ஒட்டகம், அரண்மனை, மணல்மேடு... அவ்வளவுதான். கல்விச் சுற்றுலாவில் ஜெய்சல்மேர் போனபோது நானும் அப்படித்தான் போனேன். மாலை வெயில் பட்டதும் கோட்டை முழுக்கப் பொன்னாக மாறியதே, அடடா! எங்கள் குடும்பத்தில் அதைப் பார்த்த முதல் ஆள் நான்தான்.

1156-ல் ராவல் ஜெய்சல் என்ற மன்னர் எழுப்பிய கோட்டை. திரிகூட மலைமேல் மஞ்சள் மணற்கல், 99 கொத்தளங்கள். உள்ளே ஆயிரக்கணக்கானோர் இன்றும் குடியிருக்கிறார்கள். 2013-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

பெருமைதான். ஆனால், சந்துக்குள் நடந்தபோது காலில் பட்டது சாக்கடைத் தண்ணி!

அந்தக் காலத்தில் கிணற்றையும், கீழே உள்ள கடிசர் ஏரியையும் நம்பி, குடத்தில் சுமந்து, சிக்கனமாகச் செலவழித்தார்கள். பிறகு குழாய் வந்தது. ஓட்டல்கள் வந்தன. வந்த தண்ணீர் வெளியே போக வழி மட்டும் சரியாக வரவில்லை. கசிந்த நீர் மலைக்குள் இறங்கி அடிமண்ணை இளக்க, சில கொத்தளங்களே சரிந்துவிட்டன. எத்தனையோ முற்றுகைகளைப் பார்த்த கோட்டை, பாத்ரூம் தண்ணிக்குத் தலை சாய்க்கிறது!

நாங்களும் ஒரு ராத்திரி கோட்டைக்குள்தான் தங்கினோம். நாற்பது பேர், வாளி வாளியாகக் குளித்தோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

குடியிருப்பவர்களைக் காலி செய்தால் போதும் என்கிறார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. தலைமுறை தலைமுறையாக இருப்பவனை விரட்டிவிட்டு வெறுங்கல்லைக் காப்பது நியாயமா? ஓட்டல்களைக் கீழே இறக்குங்கள். கசியாத குழாய் போடுங்கள். பார்க்கப் போகும் நாம் மலையடியில் தங்குவோம்.

என் அப்பா கொத்தனார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஊருக்கு வந்து இதைச் சொன்னேன். "கட்டடத்துக்கு எமன் தண்ணிதாண்டா. அது போற வழியப் பாத்துட்டுத்தான் சுவரே எழுப்பணும்" என்றார். மூன்று வருஷப் பாடத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டார்!

பாலம் கட்டுவோம், அடுக்குமாடி கட்டுவோம் என்று கனவு காண்கிறோம். வடிகால் பாடம் வந்தால் மட்டும் கடைசி பெஞ்சில் தூங்குகிறோம். கட்டுவது ஒரு தடவை, காப்பது காலமெல்லாம். டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம் கையில்தான் நாளை குழாயும் இருக்கும், குழியும் இருக்கும்.

சிந்திப்போமா தோழர்களே?

- மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்