போமட் அடிக்க முதல் றாமைக் கழட்டுங்கோ

லப்டொப் ஸ்லோவா? போமட். நீலத்திரை வருதா? போமட். எங்கட ஊர்க் கொம்பியூட்டர் கடைகளில் எல்லா வருத்தத்துக்கும் ஒரே மருந்துதான், பனடோல் மாதிரி. ஆனால் பனடோல் குடித்து யாருக்கும் நினைவு அழிந்ததில்லை.

இறுதி ஆண்டு ஆய்வுக்காக எங்களில் ஒருத்தி ஒப்பாரிப் பாடல்களை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தாள். பாடிய அம்மம்மாக்களில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. லப்டொப் இழுபடுகிறது என்று இருந்த 4 ஜீபியோடு இன்னொரு 4 ஜீபி றாம் வாங்கிப் போட்டோம். அடுத்த நாளே நீலத்திரை. ஒருநாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று காட்டும், மற்ற நாள் வேறேதோ. கடைக்குக் கொண்டுபோனோம். "விண்டோஸ் அடிபட்டுப்போச்சு தங்கச்சி, போமட் அடிச்சாச் சரி" என்றார் அண்ணை. அடித்தார். ஒலிப்பதிவுகள் போயின. மூன்றாம் நாள் நீலத்திரை திரும்பி வந்தது. அன்றுதான் நாங்களே ஸ்குரூவைக் கழட்டினோம்.

நேற்று வரை ஒழுங்காக ஓடிய மெஷின், புதிதாக ஒன்றைப் போட்டபிறகு விழுகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது போட்டதைத்தான். கத்தரிக்காய் சாப்பிட்டுச் சொறிந்தால் கத்தரிக்காயைத்தானே விடுவோம்? பழுதான றாமோடு போமட் அடிப்பது இன்னும் மோசம். புது விண்டோஸும் அந்த றாம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகிறது. பிழையோடேயே போய் இறங்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லப்டொப்பை நிறுத்தி, பற்றரியையும் கழட்டிவிட்டு, புது றாமை எடுங்கோ. பழையதோடு ஓடவிடுங்கோ. நீலத்திரை நின்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. உடனே பைல்களை வெளியில் எடுத்து வையுங்கோ. பிறகு புதியதை மட்டும் போட்டு, ஸ்லொட்டையும் மாற்றிப் பாருங்கோ. சிலவேளை இறுக்கிப் பூட்டாததுதான் பிழையாக இருக்கும். விண்டோஸிலேயே மெமரி டயக்னொஸ்டிக் இருக்கிறது. அது ஒன்றும் காட்டாவிட்டால் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடலாம். இரண்டுக்கும் காசில்லை. ஒரேயொரு பிழை காட்டினாலும் அந்த றாமை நம்ப ஏலாது.

வாங்கும்போதும் கவனம் வேணும். லப்டொப்புக்கான டிடிஆர்3 றாம் 1.5 வோல்ற், டிடிஆர்3எல் 1.35 வோல்ற். இரண்டும் ஒரே ஸ்லொட்டில் பொருந்தும். 1.35 மட்டும் கொடுக்கிற லப்டொப்பில் மற்றதைப் போட்டால் எழும்பாமலே கிடக்கலாம், எழும்பி எழும்பி விழவும் செய்யலாம். நாங்கள் கழட்டிய றாமின் ஸ்ரிக்கரில் 1.5 என்றுதான் இருந்தது.

"கடைக்காரருக்கும் சீவியம் இருக்கு, ஒரு றாமைச் சோதிக்க ராத்திரி முழுக்க மினக்கெடுவினமோ?" என்று கேட்பினம். நியாயம்தான். அப்படியென்றால் நேரமில்லை என்று சொல்லவேண்டும். பார்க்காமலே "விண்டோஸ் போச்சு" என்று சொல்லக்கூடாது. உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்காமல் அழிக்கவும் கூடாது.

எங்கள் மேலும் கோபம் இருக்கிறது. ஒரு கவிதையில் ஒரு சொல்லுக்கு நாலு பொருள் சொல்லிச் சண்டை பிடிக்கிற நாங்கள், "ஏன் அண்ணை போமட்?" என்று கேட்கவில்லை. "நாங்கள் ஆட்ஸ், உது எங்களுக்கு விளங்காது" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. ஸ்குரூ கழட்டப் பட்டம் தேவையில்லை என்பது அந்தக் குரல் போனபிறகுதான் விளங்கியது.

அடுத்தமுறை கடையில் "போமட்" என்ற சொல் வந்தால் லப்டொப்பைக் கையிலிருந்து விடாதீங்கோ. "முதல்ல புது றாமைக் கழட்டிப் பாருங்கோ அண்ணை" என்று சொல்லுங்கோ. மாட்டேன் என்றால் வீட்டுக்குக் கொண்டுவாங்கோ, நாங்கள் கழட்டித் தாறம்.