லீவுக்கு பிள்ளைகளை கூட்டிட்டுப் போகும் ஆயா... செலவு யார் கணக்கில்? காசு கரையாமல் நெல்லையை சுற்ற வழி இருக்கு!

நெல்லை:
பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சுன்னா பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். வேலைக்குப் போகும் பெத்தவங்களுக்கோ திண்டாட்டம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது, வீட்டில் பிள்ளை பார்க்க வரும் ஆயாதான்.

பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் என்று பாளையைச் சுற்றி கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகள் ஏராளம். அங்கே பிள்ளை பார்க்க பேட்டை, டவுன், மேலப்பாளையம், தச்சநல்லூர் பக்கமிருந்து பெண்கள் காலையிலேயே பஸ் பிடித்து வருகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் 'அக்கா'. கொஞ்சம் வயசானவர் என்றால் 'ஆச்சி'. சாயங்காலம் அம்மா வீடு திரும்பும் வரை சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, சண்டை விலக்குவது எல்லாம் அவர் பொறுப்பு.

பள்ளிக்கூட நாளில் சமாளித்து விடலாம். லீவு நாளில் என்ன செய்வது? நாள் முழுக்க டி.வி., செல்போன் என்று பிள்ளைகள் கிடந்தால், 'எங்கேயாச்சும் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க' என்று சொல்லிவிட்டு பெத்தவங்க ஆபீஸ் கிளம்பி விடுகிறார்கள். பஸ்சுக்கு காசு யார் தருவது? பிள்ளை ஐஸ் கேட்டால் யார் வாங்கிக் கொடுப்பது? திரும்ப நேரமாகி விட்டால் அதற்கு கூலி உண்டா? பெரும்பாலான வீடுகளில் இதையெல்லாம் பேசுவதே கிடையாது. சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

ஆயா ஏன் தேவைப்படுது?

பேறுகால விடுப்பை முதல் 2 பிள்ளைகளுக்கு 26 வாரமாக மத்திய அரசு 2017ல் உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் பிள்ளைகள் காப்பகம் வேண்டும் என்றும் அப்போதே சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்பிலும் காப்பகம் பற்றிய விதி இருக்கிறது. ஆனால் நாலு பேர், பத்து பேர் வேலை பார்க்கும் கடைக்கும் ஆபீசுக்கும் அது பொருந்தாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் தாய்க்கு காப்பகம் என்ற பேச்சே இல்லை. தட்டு ஒரு மடியில், பிள்ளை ஒரு மடியில் என்றுதான் பிழைப்பு ஓடுகிறது.

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்கலாம். 1975ல் தொடங்கிய திட்டம் அது. சத்துணவு, முட்டை, பாட்டு, விளையாட்டு எல்லாம் உண்டு. ஆனால் சாயங்காலத்துக்கு முன்பே பூட்டி விடுவார்கள். கடையில் வேலை பார்க்கும் தாய் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். இந்த இடைவெளியை அடைப்பவர்தான் ஆயா.

பஸ் செலவு எவ்வளவு?

செலவைப் பொறுத்தவரை நெல்லைக்காரர்கள் பயப்படவே வேண்டாம். 2021 மே மாதம் முதல் அரசு சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 5 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அரசு பஸ்சில் கட்டணம் கிடையாது என்று 2022ல் அறிவிப்பு வந்தது. 12 வயது வரை அரை டிக்கெட்.

3 வயதில் ஒரு பிள்ளை, 7 வயதில் ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். ஆயாவுக்கு டிக்கெட் இல்லை. சின்னதுக்கும் இல்லை. பெரிய பையனுக்கு அரை டிக்கெட், அவ்வளவுதான். ஒரு விஷயம் கவனிக்கணும். நெல்லையில் தனியார் டவுன் பஸ்களும் ஓடுகின்றன. அவசரத்தில் அதில் ஏறினால் டிக்கெட் எடுத்தாகணும். பத்து நிமிஷம் பொறுத்து அரசு பஸ்சில் ஏறினால் அந்தக் காசில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சர்பத் வாங்கலாம்.

எங்கே போகலாம்?

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் மாவட்ட அறிவியல் மையம். 1987 முதல் இயங்குகிறது. கட்டணம் குறைவு. பிள்ளைகள் கையால் தொட்டு, திருகி, தள்ளிப் பார்க்கிற கருவிகள் உள்ளே இருக்கின்றன. ஓடியாட வெளியே அறிவியல் பூங்கா. அரை நாள் போவதே தெரியாது. வரும்போது சுலோச்சன முதலியார் பாலத்தையும் காட்டலாம். 1843ல் திறந்த பாலம், இன்னும் பஸ் ஓடுது என்று சொன்னால் பையன்கள் வாயைப் பிளப்பார்கள்.

பாளையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை லீவு என்பதை மறந்து போய்விட்டு, பூட்டிய கேட்டைப் பார்த்து திரும்ப வேண்டாம். ரெட்டியார்பட்டியில் 2025 டிசம்பரில் திறந்த பொருநை அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கையில் தோண்டி எடுத்த பொருட்கள் இருக்கின்றன. பெரிய இடம் என்பதால் நடை அதிகம். இடுப்புப் பிள்ளையோடு போகிறவர்கள் யோசித்துக் கொள்ளணும்.

செலவே இல்லாத இடம் நெல்லையப்பர் கோயில். அகலமான பிரகாரம், தட்டினால் இசை வரும் கல்தூண்கள் என்று பார்க்க நிறைய உண்டு. காலையிலேயே போய்விடணும், மதியம் நடை சாத்தி விடுவார்கள். 'யானை எங்கே?' என்று பிள்ளைகள் கேட்கும். கோயில் யானை காந்திமதி 2025 ஜனவரி 12ல் இறந்துபோனது. அதற்கு என்ன பதில் சொல்வது என்று கிளம்பும்போதே யோசித்து வைப்பது நல்லது. அப்படியே நயினார்குளம் கரையில் நின்றால் கொக்கு, நாரை பார்க்கலாம்.

ஒரு நாள் முழுக்க போகணும் என்றால் திருச்செந்தூர் பாசஞ்சர் ரயில். 5 வயதுக்குள் டிக்கெட் இல்லை, 12 வயதுக்குள் பாதி. ஆனால் ரயிலில் ஆயாவுக்கு டிக்கெட் உண்டு, அதைக் கணக்கில் சேர்க்கணும். நாங்குநேரி தாலுகாவில் உள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயமும் நல்ல இடம்தான். 1994ல் சரணாலயமாக அறிவித்த ஊர். பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட பட்டாசு வெடிக்காத ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் தூரம் அதிகம், பஸ் மாறணும். சின்னப் பிள்ளைகளோடு ஆயா தனியாகப் போக அது ஏற்ற இடமல்ல. பெத்தவங்களும் சேர்ந்து போகிற நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு வீட்டில் இருந்தே கட்டிக்கொள்ளணும். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வெள்ளரிக்காய், ஆளுக்கொரு தண்ணி பாட்டில். சீசன் நேரத்தில் ரோட்டோரம் நுங்கு கிடைக்கும். கடை பாக்கெட்டில் காற்றை வாங்குவதைவிட அது வயிற்றுக்கும் நல்லது, பர்சுக்கும் நல்லது.

ஆற்றுப்பக்கம் உஷார்!

நெல்லைப் பிள்ளைகளுக்கு வெளியே போவது என்றாலே ஆறுதான். குறுக்குத்துறை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் என்று எங்கே பார்த்தாலும் தாமிரபரணி கூப்பிடும். காசும் கேட்காது. ஆனால் ஒரே ஆள் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கவே கூடாது. ஒன்றுக்கு சோப்பு போடும் நேரத்தில் இன்னொன்று எங்கே நிற்கிறது என்று தெரியாது. தண்ணிக்கு அடியில் பள்ளம் இருப்பது மேலே தெரியாது. மலையில் மழை பெய்தாலும், பாபநாசத்தில் அணை திறந்தாலும், வெயில் அடிக்கும் நெல்லையில் ஆற்று மட்டம் ஏறும்.

அருவி இன்னும் மோசம். 2024 மே 17ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் உயிர் போனது. அது லீவு நேரம், கூட்டமும் இருந்தது. மணிமுத்தாறு, அகஸ்தியர் அருவி எல்லாம் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து போக வேண்டிய இடம். 'பிள்ளை கேட்டுச்சு, கூட்டிட்டுப் போங்க' என்று போனில் சொல்கிற பெத்தவங்க இதை யோசிக்கணும். முடியாது என்று சொல்கிற உரிமை ஆயாவுக்கு வேணும்.

லண்டனில் தவித்த ஆயாக்கள்

பேசாமல் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார் குடும்பங்கள் ஊருக்குப் போகும்போது, கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இந்திய ஆயாக்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இறங்கியதும் பல பேரை திரும்பி வர டிக்கெட்கூட இல்லாமல் கைவிட்டார்கள். அப்படித் தவித்தவர்களுக்காக லண்டன் ஹாக்னி பகுதியில் 'ஆயாக்கள் இல்லம்' என்று ஒரு விடுதியே நடந்தது. அந்தக் கட்டிடத்தில் 2022ல் நினைவுப் பலகை வைத்தார்கள்.

கப்பல் போய் டவுன் பஸ் வந்துவிட்டது. ஆனால் போகும்போது கூப்பிட்டு, கணக்கு வரும்போது கையை விரிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

கிளம்பும் முன்பே பேசணும்

பிள்ளையோடு வெளியே போவது ஆயாவுக்கு ஜாலி டூர் கிடையாது. வீட்டில் இருப்பதைவிட கூடுதல் வேலை. வெயிலில் நடக்கணும், பிள்ளையைத் தூக்கணும், ஒரு நிமிஷம்கூட கண்ணை எடுக்க முடியாது.

அதனால் நாலு விஷயத்தை முதல் நாளே பேசி முடிக்கணும். ஒன்று, செலவுக்கான காசை கிளம்பும் முன்பே ஆயா கையில் கொடுத்துவிடணும். அவர் கைக்காசைப் போட்டுவிட்டு சம்பள நாள் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு, எத்தனை மணிக்குத் திரும்பணும், நேரம் கூடினால் கூலி என்ன? மூன்று, எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது? நான்கு, பெத்தவங்க போன் நம்பர், பிள்ளைக்கு என்ன ஒத்துக்காது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கணும். பிள்ளைகள் உதவிக்கு 1098, ஆம்புலன்சுக்கு 108. இந்த இரண்டையும் ஆயா போனில் பதிந்து வைக்கணும்.

வீட்டு வேலைக்கு 2018ல் தமிழக அரசு குறைந்தபட்ச கூலி நிர்ணயித்தது. அப்போதே மணிக்கு ரூ.37ல் ஆரம்பம். அந்தப் பழைய கணக்கில் பார்த்தாலே, 3 மணி நேரம் கூடுதலாகப் பிள்ளை பார்த்தால் ரூ.111 வருது. 'இன்னைக்கு ஒரு நாள்தானே' என்று சொல்லியே இந்தக் காசைத்தான் விட்டுவிடுகிறார்கள். நெல்லைக்கு வந்தால் அல்வா வாங்கலாம். வேலை பார்த்தவருக்கு அல்வா கொடுக்கக் கூடாது.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு 2007 முதல் தமிழகத்தில் தனி நல வாரியம் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயதுக்குள் தொழிலாளர் துறையில் பதிவு செய்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம், விபத்து நிவாரணம் உண்டு. பிள்ளை பார்க்கிற பெண்களும் இதில் சேரலாம். பதிவு செய்யச் சொல்லி எடுத்துக் கொடுப்பது வேலை கொடுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் மரியாதை.

ஆயா வீட்டுப் பிள்ளை?

அடுத்தவர் பிள்ளையை அறிவியல் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும் ஆயாவுக்கும் வீட்டில் பிள்ளை உண்டு. அதற்கும் அதே லீவுதான். ஆச்சி வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, தெருவிலோ அந்தப் பிள்ளை பொழுதைக் கழிக்கிறது.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. சில நாள் அந்தப் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லலாம். கூடுதல் செலவு ஒரு அரை டிக்கெட், ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். அது சரிப்படாது என்றால், லீவு மாதத்தில் சம்பளம் பிடிக்காமல் இரண்டு நாள் ஆயாவுக்கு லீவு கொடுக்கலாம். அவரும் தன் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அந்த அறிவியல் மையத்துக்குள்ளே போய் வரட்டும்!