பந்து ஆடக் கூடாது, ஜும்பா ஆடலாம்

எங்கள் சொசைட்டி லிஃப்டில் போன மாதம் இரண்டு காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஒன்று கமிட்டி அறிவிப்பு. வளாகத்துக்குள் பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, மீறினால் ஐநூறு ரூபாய் அபராதம். பக்கத்திலேயே இன்னொன்று: கிளப் ஹவுஸில் 'கிட்ஸ் ஜும்பா', வாரம் மூன்று நாள், மாதம் 2,500 ரூபாய், குழந்தையின் எடை குறைய உத்தரவாதம். இரண்டிலும் ஒரே செக்ரட்டரியின் கையெழுத்து!

ஓடுகிற பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பது. உட்கார்ந்து பெருத்ததும் ஓட வைக்கக் காசு வாங்குவது. புனேயின் வாக்கட், பாணேர், ஹிஞ்சவடி பக்கம் குடியிருக்கும் நம்மாட்களுக்கு இது புதுசில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு இதில் சொந்தக் கோபம் உண்டு. பையனுக்கு ஒன்பது வயது. கூட விளையாடுகிற பிள்ளைகள் அவனை 'ஜாட்யா' என்கிறார்கள் (மராத்தியில் குண்டன்). இந்த வருஷம் பள்ளி ஹெல்த் கார்டில் சிவப்பு மையில் ஒரு வட்டம் வேறு. டாக்டரம்மா இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணையை விரித்துக் காட்டினார். வெளிநாட்டில் பெரியவர்களுக்கு பி.எம்.ஐ. 25ஐத் தாண்டினால்தான் அதிக எடை. நம் உடம்புக்கு அதை 23க்கு இறக்கி, அதற்கு ஈடான கோட்டை ஒவ்வொரு வயதுக்கும் போட்டிருக்கிறார்கள். அந்த வேலையை முன்னின்று செய்தவர் இதே புனேக்காரர், டாக்டர் வாமன் காடில்கர். என் பையன் அந்தக் கோட்டுக்கு மேலே நின்றான்.

"எடையைக் குறைக்கிறேன்னு பட்டினி போடாதீங்க. இப்ப இருக்கற எடை ஏறாம பாத்துக்குங்க, உயரம் வந்து சரி பண்ணிடும். தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாட விடுங்க" என்றார். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரைக்கும் சொல்வதும் சராசரியாக நாளுக்கு அதே 60 நிமிடம்தான்.

எங்கே விளையாட விடுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம்ம புத்தி எங்கே போகும்? அடி எண்ணும் வாட்ச் ஒன்று வாங்கிக் கட்டிவிட்டேன். இரண்டாம் நாள் சோபாவில் படுத்து டிவி பார்த்தபடி மணிக்கட்டை மட்டும் ஆட்டி நாலாயிரம் அடி 'நடந்திருந்தான்'. அப்பன் கம்ப்யூட்டர்காரன் என்றால் பிள்ளை வேறெப்படி இருக்கும் :-)

ஊரிலிருந்து அம்மா போனில், "ஏன்டா, வளர்ற புள்ளைய எளைக்க வைக்கறேன்னு என்னென்னவோ பண்றியாமே" என்று திட்டினாள். கொழுகொழுவென்று இருந்தால்தான் பிள்ளை என்று நினைக்கும் பரம்பரை. அது ஒரு தனிச் சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

கமிட்டியில் போய்க் கேட்டேன். கார் கண்ணாடி, கீழ்த்தளத்து ஜன்னல், பெரியவர்களின் மதியத் தூக்கம் என்று வழக்கமான மூன்று பதில் வந்தது. நாலாவதாக ஒரு ஐ.டி. தம்பதி சொன்னதுதான் எரிச்சலூட்டியது. "உங்க பையனுக்கு ப்ராப்ளம், நீங்க ஜும்பா சேருங்க. எங்க பொண்ணு ஒல்லி, எங்களுக்குத் தேவையில்ல."

இதை எந்த ஊரில் உட்கார்ந்து சொல்கிறார்கள் பாருங்கள். 'ஒல்லி' என்றால் பத்திரம் என்கிற நம்பிக்கையை உடைத்ததே இந்த ஊர்தான். இங்கே கே.ஈ.எம். ஆஸ்பத்திரியின் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் புனே சுற்றுவட்டக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் வெளியிட்டார்கள். நம் குழந்தை சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம் குழந்தைக்குக் குறைந்திருந்தது பெரும்பாலும் தசை. தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த கொழுத்த குழந்தை என்றே பெயர் வைத்தார்கள்.

2004இல் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கினோடு சேர்ந்து நிற்கும் படம் ஒன்று லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. உடம்புக் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. பார்த்தால் இரண்டு பேரும் ஒல்லி! இதே புனேயில் குறைந்த எடையில் பிறந்து பிறகு வேகமாக வளர்ந்த பிள்ளைகளை எட்டு வயதில் சோதித்தபோது, இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி அவர்களிடம்தான் அதிகம் இருந்தது. ஆக, தசை வளர ஓடவேண்டியது ஒல்லிப் பெண்ணும்தான். என் பையனுக்காக மட்டும் நான் மைதானம் கேட்கவில்லை.

விளையாடினால் கிலோ கிலோவாக இறங்கும் என்று நானும் புளுக மாட்டேன். ஒரு மணி ஆட்டத்தில் எரித்ததை ஒரு பெரிய பாக்கெட் சிப்ஸும் ஒரு கோலாவும் ஐந்து நிமிடத்தில் திருப்பித் தந்துவிடும். சாப்பாட்டையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆடுகிற பிள்ளைக்கு தசை கூடும், மூச்சு நீளும், ராத்திரி அடித்துப்போட்டாற்போலத் தூங்கும். ஆடுகிற நேரத்தில் கையில் சிப்ஸும் மொபைலும் இருக்காது. ஜும்பாவில் ஆளுக்கு ஒரு கண்ணாடி, முன்னால் ஒரு டீச்சர். குண்டுப் பிள்ளை அங்கே தன் உடம்பைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்.

விளையாட்டிலும் ஒரு கோளாறு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவுட் ஆனால் வெளியே போகிற ஆட்டத்தில் முதலில் அவுட் ஆவது குண்டுப் பையன். எவனுக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவன் மீதி நேரமெல்லாம் படிக்கட்டில். இங்கே பிள்ளைகள் 'விஷ் அம்ருத்' என்று ஒன்று ஆடுவார்கள். துரத்துகிறவன் தொட்டு 'விஷ்' என்றால் அப்படியே நிற்கவேண்டும். கூட்டாளி ஓடிவந்து தொட்டு 'அம்ருத்' என்றால் மறுபடி உயிர். யாருமே வெளியே போவதில்லை. நாம் 'ஏழு கல்' என்பதை இவர்கள் லகோரி என்கிறார்கள், நம்ம நொண்டி இவர்களுக்கு லங்டி. 1914இல் கோகோவுக்கு விதிமுறை எழுதியது இந்த ஊர் டெக்கான் ஜிம்கானா. லகோரி தவிர மற்றதற்குப் பந்தும் வேண்டாம், மட்டையும் வேண்டாம், கார் கண்ணாடிக்கும் ஆபத்தில்லை. அப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகள் ஓட அனுமதி கேட்டு நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உண்மையில் அனுமதியே தேவையில்லை. மகாராஷ்டிராவின் 2020 கட்டட விதிகளில், 4,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையில் பொதுவாகப் பத்து சதவீதம் பொழுதுபோக்குத் திறந்தவெளியாக விடவேண்டும். அதற்கு முந்தைய விதிகளிலும் இப்படி ஒன்று இருந்தது. எங்கள் வளாகத்தில் அந்தத் திறந்தவெளியில் இப்போது ஒரு செயற்கை நீரூற்றும் (ஓடுவதில்லை), 'புல்லை மிதிக்காதீர்' பலகையும், விருந்தாளிகளின் பதினோரு காரும் நிற்கின்றன.

சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பலகையைத் தாண்டி உள்ளே போனோம். வாட்ச்மேன் மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பையனை நாலு தடவை 'விஷ்' வைத்தார்கள், நாலு தடவையும் அந்த ஒல்லிப் பெண்தான் வந்து 'அம்ருத்' கொடுத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து முகம் சிவந்து, சட்டை நனைந்து வந்து தண்ணீர் கேட்டான். வாட்சை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

திங்கட்கிழமை என் பெயருக்கு அபராத நோட்டீஸ் வந்தது. ஐநூறு ரூபாய். கட்டவில்லை. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. அஜெண்டாவில் ஆறாவதாக, அதே திறந்தவெளியில் கட்டணப் பார்க்கிங் அமைக்கும் தீர்மானம். மாநகராட்சி ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் அந்த இடத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.