மாலை வாடும், கடமை வாடலாமா?



ஆண்டு முடிந்தால் கணக்கு முடிப்பது வழக்கம். கடைக்காரர் பேரேட்டைப் புரட்டுவார். ஆலை முதலாளி இலாபத்தைக் கூட்டுவார். ஏடுகளோ மறைந்தவர்களின் படங்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதி, ‘மறக்க முடியாதவர்கள்’ என்று தலைப்பும் இட்டுவிடும். பொங்கல் வருவதற்குள் அந்தத் தாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். மறக்க முடியாதவர்கள் மளிகைக் கடையிலே மறக்கப்படுவார்கள்!

2023-ஆம் ஆண்டும் அப்படித்தான் கழிந்தது. அந்த ஓர் ஆண்டில் சாவு நம்மிடமிருந்து பறித்துச் சென்றவர்கள் எத்தனை பேர்! வயலுக்கு விதை தந்தவர், நீதிமன்றக் கதவைத் திறந்தவர், நாட்டுக்காகச் சிறை சென்றவர், செவிக்கு இசை தந்தவர், தொழிலாளிக்குச் சோறு போட்டவர். அவர்களுக்கு மாலை போட்டோம், மௌனம் காத்தோம், சுவரொட்டி ஒட்டினோம். குறை சொல்லவில்லை, செய்ய வேண்டியதுதான். ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற கணக்கைத் தீர்த்தோமா? அதுதான் கேள்வி.

எம்.எஸ். சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28 அன்று, தமது 98-ஆம் வயதில் மறைந்தார். கும்பகோணத்திலே பிறந்தவர். 1943-இல் வங்கத்திலே இலட்சக்கணக்கான மக்கள் பஞ்சத்தால் மடிந்த செய்திதான், இளைஞராயிருந்த அவரை வேளாண்மையின் பக்கம் திருப்பிற்று. போலீஸ் உயர் பதவிக்குத் தேர்வாகியும் அதை வேண்டாம் என்று ஒதுக்கி, விதைகளின் ஆராய்ச்சியிலே இறங்கினார். கப்பலில் வரும் கோதுமைக்குக் கையேந்தி நின்ற நாடு தன் வயலிலேயே விளைத்துண்ணத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 2004 முதல் 2006 வரை தேசிய விவசாயிகள் ஆணையத்துக்கு அவர் தலைவர். உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது பாதித் தொகையேனும் சேர்த்து ஆதரவு விலை தர வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2024 பிப்ரவரி 9 அன்று அவருக்குப் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது. நான்கே நாள் கழித்து, அவர் சொன்ன விலையைத் தாருங்கள், அதற்குச் சட்டம் செய்யுங்கள் என்று தில்லியை நோக்கிப் புறப்பட்ட உழவர்களை அரியானா எல்லையிலே கண்ணீர்ப்புகைக் குண்டு வரவேற்றது! சொன்னவருக்கு விருது, சொன்னதைச் செய் என்றவருக்குப் புகை. இதற்குப் பெயரா அஞ்சலி?

என். சங்கரய்யா 2023 நவம்பர் 15 அன்று, நூறாண்டைக் கடந்த நிலையில் மறைந்தார். 1941-இல் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலே பி.ஏ. இறுதித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில், வெள்ளை அரசு அவரைச் சிறையில் தள்ளிற்று. பட்டம் போயிற்று. அதற்காக அவர் வருந்தவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. வாழ்நாளிலே எட்டாண்டு சிறைவாசம். 2021-இல் தமிழ்நாடு அரசின் முதல் ‘தகைசால் தமிழர்’ விருது பத்து இலட்சம் ரூபாயோடு வந்தது. அதை அப்படியே கொரோனா நிவாரண நிதிக்குத் திருப்பித் தந்தார். 2023-இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் தர மதுரைப் பல்கலைக்கழகம் தீர்மானித்தது. ஆளுநரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலே பறிபோன பட்டம், சுதந்திர நாட்டிலும் கைக்கு வராமலே அவர் கண்மூடினார். இதிலே சிறுமைப்பட்டவர் அவரா? காகிதம் இல்லாமலே அவர் பட்டதாரி! அவருடைய பல்கலைக்கழகம் சிறைச்சாலை; அவருடைய பட்டம் மக்கள் நினைவு.

அவர் மறைந்து எட்டு நாள் கழித்து, நவம்பர் 23 அன்று, நீதியரசர் ஃபாத்திமா பீவி 96-ஆம் வயதிலே மறைந்தார். உச்சநீதிமன்றம் 1950-இல் தோன்றியது. அதன் இருக்கையிலே முதல் பெண் அமர 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் பெண் இவர்தான். கேரளத்திலே கீழ் நீதிமன்ற முன்சீப்பாகத் தொடங்கிப் படிப்படியாய் ஏறியவர். பின்னர் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தவர். கதவைத் திறந்தார், சரி. திறந்த கதவின் வழியே எத்தனை பெண்கள் உள்ளே போனார்கள்? அவர் மறையும்வரை, அவரையும் சேர்த்து 11 பேர். நாட்டு மக்களில் பாதிப்பேர் பெண்கள் அல்லவா? இந்தக் கணக்கு யாருக்கு உறுத்துகிறது?

கலைத்துறையிலும் இழப்பு சிறிதன்று. இயக்குநர் கே. விசுவநாத் பிப்ரவரி 2 அன்று மறைந்தார். சென்னை வாகினி ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு வேலையிலே தொடங்கியவர் அவர். அவருடைய ‘சங்கராபரணம்’ படத்திலே பாடித் தேசிய விருது பெற்ற வேலூர் மகள் வாணி ஜெயராம், இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 4 அன்று மறைந்தார். பத்மபூஷண் அறிவிப்பு வந்தது சனவரிக் கடைசியில். அதைக் கையில் வாங்கக் காலம் அவருக்கு இடம் தரவில்லை. மரியாதையை ஏன் இத்தனை தாமதமாய்த் தருகிறோம்? ஆள் போகும் நேரத்திலேதான் அருமை தெரியுமோ?

டிசம்பர் 28 அன்று விஜயகாந்த் மறைந்தார். மதுரையிலே தந்தையின் அரிசி ஆலையைக் கவனித்தவர், திரையிலே உயர்ந்தார். அரசியலிலே அவரோடு ஒத்துப் போனவர் உண்டு, மாறுபட்டவர் உண்டு. ஆனால் படப்பிடிப்பிலே தாம் உண்ணும் சோறே லைட்மேனுக்கும் வேண்டும் என்று அவர் நின்றதை மறுப்பவர் யார்? அவருக்காகச் சென்னைத் தெருக்களிலே திரண்டு அழுத கூட்டத்தைப் பார்த்தோமே! ஏழை, தனக்கு இலை போட்டவனை மறப்பதில்லை.

தோழர்களே, படம் வந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். படம் வராதவர்கள்?

அதே 2023-இல், ஜூன் 2 அன்று, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் ரயில் ஒடிசாவிலே பாலசோர் அருகே சிக்கிய கோர விபத்தில் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். பிழைப்புத் தேடித் தெற்கே வந்த கூலித் தொழிலாளர் அவர்களிலே பலர். அடையாளம் தெரியாத 28 உடல்கள் நான்கு மாதம் குளிர்ப்பெட்டியிலே காத்துக் கிடந்தன. யாரும் உரிமை கோரி வரவில்லை. கடைசியிலே புவனேசுவரம் மாநகராட்சி தகனம் செய்தது. அந்த 28 பேருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் அல்லவா? வாசற்படியிலே இன்னும் காத்திருப்பாளோ? அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று சிவகாசி வட்டாரத்திலே பட்டாசு வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் கருகினர். பெரும்பாலோர் பெண்கள். ஊரார் தீபாவளிக்கு மருந்து இடித்தவர்கள், தம் வீட்டுத் தீபாவளியைப் பார்க்கவில்லை.

ஆண்டுக் கடைசிப் பட்டியலிலே இவர்களுக்கு இடமில்லை. புகழ் பெற்றவர்களின் சாவைத் தடுக்க நம்மால் இயலாது. முதுமையும் நோயும் யாரைத்தான் விட்டன? ஆனால் இந்தச் சாவுகள் தடுத்திருக்கக் கூடியவை. அதனால்தான் இவற்றை அதிகமாய் நினைக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்த முறை நம் படிப்பகத்திலே நினைவுநாள் நடத்தும்போது ஒன்று செய்யுங்கள். படத்தின் கீழே பிறந்த நாளும் மறைந்த நாளும் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். அவர் கேட்டது என்ன, அதிலே கிடைத்தது எவ்வளவு, கிடைக்காதது எவ்வளவு என்று மூன்று வரி எழுதுங்கள். பக்கத்திலே, அந்த ஆண்டு நம் ஊரிலே வேலைத்தலத்தில் மாண்ட தொழிலாளியின் பெயரையும் எழுதுங்கள். அவர் குடும்பத்துக்கு நட்டஈடு வந்ததா என்று போய்க் கேளுங்கள். வரவில்லையென்றால் மனு எழுதிக் கொடுங்கள்.

மாலை மறுநாளே வாடிவிடும். மனு எழுதிய கை வாடாது. அதுவே மறைந்தவர்க்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கம்.